பேட்டரி காரில் எந்தப் பேட்டரி போயிருக்கிறது? ஒரு மல்டிமீட்டரை வைத்தே கண்டுபிடிக்கலாம்

கோல்ஃப் மைதானத்துக்காகப் பிறந்த வண்டிதான். ஆனால் நம் பக்கம் கோல்ஃப் மட்டையைத் தொட்டே பார்க்காதவர்கள்கூட அதில் ஏறியிருப்பார்கள். வண்டலூர் உயிரியல் பூங்காவைச் சுற்றிக் காட்டுவதும், ரயில் நிலைய நடைமேடையில் முதியவர்களை ஏற்றிச் செல்வதும், பெரிய கோயில்களின் வாசலில் நிற்பதும் அதே குடும்பத்து வண்டிகள். ஊரில் இதற்குப் பெயர் பேட்டரி கார். கல்லூரி வளாகம், விடுதி, அடுக்குமாடிக் குடியிருப்பு என்று இப்போது பல இடங்களில் வந்துவிட்டது. அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மட்டும், பேட்டரியைப் பற்றி எதுவும் தெரியாத யாரோ ஒருவர் தலையில் வந்து விழும். எனக்கும் அப்படித்தான் விழுந்தது. ஒரு வளாகம், நான்கு வண்டிகள், ஒரு சாவிக்கொத்து, "தண்ணீர் மட்டும் பார்த்து ஊற்றுங்கள் சார், போதும்" என்ற ஒரே ஓர் அறிவுரை.

முதல் கோடையிலேயே ஒரு வண்டி நூலகத்து ஏற்றத்தில் திணறத் தொடங்கியது. பார்க்க வந்தவர் மொத்த செட்டுக்கும் மீட்டர் வைத்தார். 50.6 வோல்ட் காட்டியது. "பேட்டரி நன்றாக இருக்கிறது, மோட்டாரில்தான் கோளாறு" என்றார். மோட்டாரைக் கழற்றி அனுப்பிவிட்டுப் பத்து நாள் காத்திருந்தோம். திரும்ப வந்ததும் மாட்டி ஓட்டினால், அதே ஏற்றம், அதே திணறல். கடைசியில் பார்த்தால் ஆறு பேட்டரிகளில் ஒன்றே ஒன்று உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தது. மற்ற ஐந்தும் சேர்ந்து அதன் குறையை மீட்டரில் மறைத்துவிட்டன.

அதனால் இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்லப்போவது ஒன்றுதான். செட்டை மொத்தமாக அளக்காதீர்கள். ஒவ்வொரு பேட்டரியாக அளந்து, பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். எல்லாமே ஒரே நாளில் வாங்கியவை, ஒரே கம்பெனி, ஒரே வேலை. இவற்றுக்கு இவையே அளவுகோல். கடைக்காரர் வைத்திருக்கும் லோடு டெஸ்டர் இல்லாமலே பத்தில் எட்டுக் கோளாறுகளைப் பிடித்துவிடலாம் என்பது என் அனுபவம்.

மூடிகளை எண்ணுங்கள்

இருக்கையைத் தூக்கினால் பேட்டரிகள் தெரியும். ஒவ்வொன்றின் தலையிலும் தண்ணீர் ஊற்றும் மூடிகள் இருக்கும். ஒரு மூடிக்கு ஒரு செல், ஒரு செல்லுக்கு 2 வோல்ட். மூன்று மூடி என்றால் 6 வோல்ட், நான்கு என்றால் 8, ஆறு என்றால் 12. எல்லா மூடிகளும் ஒரே பட்டையாகச் சேர்ந்திருந்தால் பட்டையைத் தூக்கிவிட்டு ஓட்டைகளை எண்ணுங்கள். 36 வோல்ட் வண்டியில் பெரும்பாலும் ஆறு 6 வோல்ட் பேட்டரிகள். 48 வோல்ட் வண்டியில் ஆறு 8 வோல்ட், அல்லது நான்கு 12 வோல்ட், அல்லது எட்டு 6 வோல்ட்.

மூடியே இல்லாமல் மொழுமொழுவென்று இருந்தால் அது தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத சீல்டு வகை. தண்ணீர், குமிழி பற்றி நான் சொல்வதை விட்டுவிட்டு வோல்ட் அளக்கும் பகுதிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். லித்தியம் பெட்டி என்றால் கதையே வேறு. 48 வோல்ட் என்று விற்கப்படும் லித்தியம் பெட்டி வழக்கமாக 3.2 வோல்ட் செல்கள் பதினாறு சேர்ந்தது. கால்வாசி சார்ஜிலிருந்து முக்கால்வாசிவரை அதன் வோல்டேஜ் ஏறக்குறைய அசையாமல் நிற்கும் என்பதால், மீட்டர் வைத்து ஒன்றும் அறிய முடியாது. எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பது ஒன்றுதான் அங்கே சோதனை. பெட்டியைத் திறக்க வேண்டாம்.

இனி பேட்டரிகளுக்கு எண் போடுங்கள். சார்ஜர் வயரின் பாசிட்டிவ் வந்து சேரும் பேட்டரி 1. அங்கிருந்து கேபிள் போகும் வழியில் 2, 3, 4. பெயின்ட் மார்க்கரில் பெரிதாக எழுதுங்கள். இந்த எண் இல்லாமல் எழுதிவைக்கும் எந்தக் கணக்கும் அடுத்த மாதம் உதவாது.

கை வைக்கும் முன்

48 வோல்ட் ஷாக் அடிக்காது என்று சொல்வார்கள். உலர்ந்த கைக்கு அது ஓரளவு உண்மைதான். ஆபத்து ஷாக்கில் இல்லை. இரண்டு டெர்மினல்களுக்கு நடுவே ஓர் இரும்புத் துண்டு விழுந்தால் அதன் வழியாக ஆயிரம் ஆம்பியருக்கு மேல் பாயும். எங்கள் ஷெட்டில் ஒரு முறை 13-ஆம் நம்பர் ஸ்பானர் அப்படி விழுந்தது. ஒரு சொடக்குப் போடும் நேரம். ஸ்பானரின் இரு முனையிலும் ஈயம் உருகி ஒட்டியிருந்தது, நடுப்பகுதி நீலம் பாரித்திருந்தது. விரலில் மோதிரம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகு யோசித்தோம். ஆகவே மோதிரம், கைச்சங்கிலி, இரும்பு வார் கடிகாரம், கழுத்தில் தொங்கும் சங்கிலி எல்லாம் மேசையில் இருக்கட்டும். ஸ்பானரின் பிடியில் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றுங்கள்.

சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளிவரும். காற்றில் அது நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே தீப்பொறிக்கு வெடிக்கும். ஷெட்டின் கதவைத் திறந்து வையுங்கள். பீடி, சிகரெட் வேண்டாம். மூடியைத் திறந்து உள்ளே பார்க்கத் தீக்குச்சி உரசியவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன், எனவே இதையும் எழுத வேண்டியிருக்கிறது: டார்ச் பயன்படுத்துங்கள். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் அணியுங்கள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும். சாவியை எடுத்துவிடுங்கள். இருக்கைக்கு அடியில் டோ (வண்டியை இழுத்துச் செல்ல), ரன் (ஓட்ட) என்று இரண்டு நிலைகள் கொண்ட சுவிட்ச் இருந்தால் டோவில் வையுங்கள்.

மீட்டர் இல்லாமலே தெரிவது

அவசரப்பட்டு மீட்டரை எடுக்காதீர்கள். முதலில் ஒரு பழைய துணியும் டார்ச்சும் போதும்.

டெர்மினல்களில் வெள்ளையாகவோ பச்சை கலந்த நீலமாகவோ உப்புப் பூத்திருக்கிறதா? எல்லாவற்றிலும் கொஞ்சம் இருந்தால் பராமரிப்புக் குறை. ஒன்றில் மட்டும் மண்டிக்கிடந்தால் அந்தப் பேட்டரி ஆசிட்டைக் கக்குகிறது அல்லது அந்த இணைப்பு தளர்ந்திருக்கிறது. ஆப்பச் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் பொங்கிப் பொங்கி அடங்கும். மூடிகள் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஊற்றுங்கள். சோடா உள்ளே போனால் ஆசிட்டைக் கெடுத்துவிடும். பிறகு நன்றாகத் துடைத்து, போல்ட்டை இறுக்கி, வாஸ்லின் பூசுங்கள்.

பெட்டியின் பக்கச் சுவரில் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பாருங்கள். ஒன்று மட்டும் வயிறு ஊதியிருந்தால் அது ஒரு காலத்தில் கடுமையாகச் சூடானது என்று அர்த்தம். தலையில் விரிசல், டெர்மினல் அடியில் ஈரக்கசிவு, இவையும் நல்ல அறிகுறிகள் அல்ல.

பிறகு தண்ணீர். மூடிகளைத் திறந்து ஒவ்வொரு செல்லையும் பாருங்கள். ஈயத் தகடுகள் மூழ்கியிருக்க வேண்டும். வெளியே தெரியும் தகடு காற்றுப் பட்டு வீணாகிறது, பிறகு தண்ணீர் ஊற்றினாலும் அந்தப் பகுதி முழுதாகத் திரும்பாது. எல்லாச் செல்லிலும் ஒரே அளவு குறைந்திருந்தால் ஊற்ற மறந்திருக்கிறோம். ஒரே ஒரு செல் மட்டும் மாதாமாதம் அதிகம் குடிக்கிறது என்றால் அந்த எண்ணைக் குறித்துவையுங்கள். பிற்பாடு அங்குதான் வந்து நிற்போம்.

ஊற்றுவதற்கும் நேரம் உண்டு. சார்ஜ் ஏற ஏற உள்ளே மட்டம் உயரும். ஆகவே சார்ஜ் முடிந்த பிறகுதான், மூடி ஓட்டையின் உள்குழாய்க்கு 3 மில்லிமீட்டர் கீழேவரை நிரப்ப வேண்டும். தகடு வெளியே தெரிந்தால் மட்டும், சார்ஜ் போடும் முன்பு அது மூழ்கும் அளவுக்குக் கொஞ்சம். டிஸ்டில்டு வாட்டர் தவிர வேறெதுவும் வேண்டாம். ஆர்.ஓ. தண்ணீரும் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரும் சுத்தமானவை என்று பலர் ஊற்றுகிறார்கள். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிச்சம் இருக்கிறது. ஏசித் தண்ணீர் செம்பிலும் அலுமினியத்திலும் தூசியிலும் உருண்டு வருகிறது. ஒரு கேன் விலையை மிச்சம் பிடிக்கப்போய் ஒரு செட்டை இழக்க வேண்டாம். ஆசிட் ஊற்றவே கூடாது. குறைவது தண்ணீர் மட்டும்தான், ஆசிட் அப்படியே உள்ளே இருக்கிறது.

வயதையும் பாருங்கள். பில் தொலைந்திருந்தாலும் பேட்டரியின் மேலேயோ டெர்மினலிலோ ஓர் எழுத்தும் எண்ணும் குத்தப்பட்டிருக்கலாம். பல கம்பெனிகளின் வழக்கப்படி முதல் ஆங்கில எழுத்து ஜனவரி, பன்னிரண்டாவது எழுத்து டிசம்பர். எண் என்பது ஆண்டின் கடைசி இலக்கம். ஆறில் ஐந்து ஒரே மாதம், ஒன்று மட்டும் வேறு என்றால், யாரோ நடுவில் ஒன்றை மாற்றியிருக்கிறார்கள்.

காலையில் எடுக்கும் அளவு

இப்போது மல்டிமீட்டர். மின்சாமான் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பதே போதும். ஒரே ஓர் எச்சரிக்கை: சிவப்பு வயர் 10 ஆம்பியர் என்று எழுதிய துளையில் செருகியிருக்கவில்லையே என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். அந்தத் துளையில் இருக்கும்போது பேட்டரியைத் தொட்டால் நேரடி ஷார்ட், மீட்டர் கையிலேயே வெடிக்கலாம். வோல்ட் துளையில் செருகி, டி.சி. 20 வோல்ட் நிலையில் வையுங்கள்.

முதல் நாள் இரவு முழு சார்ஜ் போடுங்கள். சார்ஜர் தானாக நின்ற பிறகு பிளக்கைப் பிடுங்கி, குறைந்தது ஆறு மணி நேரம் வண்டியைத் தொடாமல் விடுங்கள். இரவு முழுக்கக் கிடந்தால் இன்னும் நல்லது. சார்ஜிலிருந்து எடுத்தவுடன் அளந்தால் எந்த நோஞ்சான் பேட்டரியும் பயில்வான் கணக்குக் காட்டும். கரைந்து மறையும் மேலோட்டமான சார்ஜ் அது. அதை நம்பிப் 'பேட்டரி சூப்பர்' என்று சொல்லிவிட்டுப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

காலையில் ஒவ்வொரு பேட்டரியின் இரண்டு டெர்மினல்களிலும் மீட்டர் முனைகளை வைத்து, இரண்டு தசமம்வரை எழுதுங்கள். நிறைந்த, நல்ல நிலையில் உள்ள 6 வோல்ட் பேட்டரி 6.37 பக்கம் காட்டும். 8 வோல்ட் என்றால் 8.49, 12 வோல்ட் என்றால் 12.73. எண்பது சதவீதம் என்றால் முறையே 6.25, 8.33, 12.50. பாதி சார்ஜில் 6.05, 8.07, 12.10. இருபது சதவீதத்தில் 5.83, 7.77, 11.66. கம்பெனிக்குக் கம்பெனி சற்றே முன்பின் இருக்கும், ஆனால் ஒரே செட்டுக்குள் அந்த வித்தியாசம் வரக்கூடாது.

முழு சார்ஜுக்கும் பாதி சார்ஜுக்கும் இடையே 8 வோல்ட் பேட்டரியில் இருக்கும் வித்தியாசம் 0.42 வோல்ட் மட்டுமே என்பதைக் கவனியுங்கள். புதிதாக வருபவர்கள் தடுமாறுவது இங்கேதான். "8.47, 8.46, 8.27, எல்லாம் எட்டுக்கு மேலேதானே" என்று தோன்றும். ஆனால் அந்த மூன்றாவது பேட்டரியில் ஏறக்குறைய கால்வாசி சார்ஜ் ஏறவே இல்லை.

மோட்டாரைக் கழற்றவைத்த அந்த வண்டியின் கணக்கு என் நோட்டில் இன்னும் இருக்கிறது. ஒன்றாம் எண்ணிலிருந்து வரிசையாக 8.46, 8.47, 8.45, 8.31, 8.46, 8.47. கூட்டினால் 50.62. முழு செட்டுக்கு 50.9 இருந்தால் நன்று என்பார்கள், ஆகவே மொத்தமாக அளந்தவருக்கு இது குறையாகவே தெரியவில்லை. ஒவ்வொன்றாக எழுதினால் நான்காம் எண் தனியாக நிற்கிறது.

இன்னொரு வகையும் உண்டு. ஒரு பேட்டரி மற்றவற்றைவிட ஏறக்குறைய முழுதாக 2 வோல்ட் குறைவாக, அதாவது 8 வோல்ட் பேட்டரி 6.3 என்றோ 12 வோல்ட் பேட்டரி 10.5 என்றோ காட்டினால், ஒரு செல் ஷார்ட் ஆகிவிட்டது. மேற்கொண்டு சோதிக்க வேண்டியதில்லை.

என் சொந்த அளவு இது: செட்டுக்குள் 0.1 வோல்ட் வித்தியாசம் இருந்தால் கண்காணிப்பு, 0.2 தாண்டினால் சந்தேகம். ஆனால் சந்தேகம் மட்டும்தான். ஓய்வில் எடுக்கும் அளவு எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்று சொல்லும், எவ்வளவு தாங்கும் என்று சொல்லாது. காலையில் 8.47 காட்டிவிட்டு, பத்து நிமிடத்தில் படுத்துவிடும் பேட்டரிகள் உண்டு. தகடுகளில் பாதி உதிர்ந்துபோனாலும் மிச்சப் பாதி முழு வோல்டேஜ் காட்டும். அதற்குத்தான் அடுத்த சோதனை.

ஏற்றத்தில் எடுக்கும் அளவு

லோடு டெஸ்டர் செய்வது, பேட்டரியிலிருந்து பெரிய அளவில் மின்சாரத்தை இழுத்து, அப்போது வோல்டேஜ் எவ்வளவு சரிகிறது என்று பார்ப்பதுதான். உங்களிடம் அதைவிடப் பெரிய டெஸ்டர் இருக்கிறது. அதன் பெயர் மோட்டார். ஏற்றத்தில் நான்கு பேரை ஏற்றிச் செல்லும்போது அது நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும்.

நல்ல இன்சுலேஷன் உள்ள இரண்டு வயர்களை இரண்டு மீட்டர் நீளத்துக்கு வெட்டி, ஒரு முனையில் முதலைக் கிளிப் மாட்டுங்கள். மறுமுனையை முதலில் மீட்டரில் இணைத்துவிட்டு, அதன் பிறகு கிளிப்பைப் பேட்டரியில் மாட்டுங்கள். வரிசை மாறினால் தொங்கும் முனைகள் ஒன்றையொன்று தொட்டுவிடும். ஒரு கிளிப் பாசிட்டிவில், இன்னொன்று அதே பேட்டரியின் நெகட்டிவில். வயர்களை ஓரமாக வெளியே எடுத்து, இருக்கையை மெதுவாக இறக்குங்கள். விளிம்பில் வயர் நசுங்கவில்லையே என்று பாருங்கள். ஒருவர் ஓட்ட, பக்கத்தில் இருப்பவர் மீட்டரை மட்டும் பார்க்க வேண்டும். ஓட்டுபவர் மீட்டரைப் பார்க்கக் கூடாது.

ஏதாவது ஓர் ஏற்றத்தைத் தேர்ந்தெடுங்கள். எப்போதும் அதே ஏற்றம், அதே எண்ணிக்கை ஆட்கள், ஆக்சிலரேட்டர் முழுதாக. ஏறும்போது காட்டும் மிகக் குறைந்த அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். இறங்கி வந்து கிளிப்பை அடுத்த பேட்டரிக்கு மாற்றி, மறுபடியும் ஏறுங்கள். ஆறு பேட்டரிக்கு ஆறு முறை. கடைசியில் ஒன்றாம் எண்ணுக்கு இன்னொரு முறை. ஆறு ஏற்றத்தில் சார்ஜும் சற்று இறங்கியிருக்குமே, எவ்வளவு இறங்கியது என்று அப்போதுதான் தெரியும்.

எங்கள் ஓட்டுநர் அண்ணன் ஓட்ட, நான் மடியில் மீட்டரோடு உட்கார்ந்திருந்தேன். முதல் மூன்றும் 7.8, 7.7, 7.8. நான்காம் எண்ணுக்கு மாற்றி ஏறத் தொடங்கியதும் 7.4, 7.0, 6.6 என்று வழுக்கிக்கொண்டே போனது. நூலகத்து வாசல் வரும்போது 6.1. "அண்ணே, நிறுத்துங்கள்" என்றேன். அவர் கால் எடுத்த அடுத்த நொடி எண் 8.1-க்கு ஏறி, எதுவும் நடக்காததுபோல் நின்றது. அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இதற்காகவா தம்பி மோட்டாரைக் கழற்றினோம்?" என்றார்.

ஒரு செல்லுக்கு 1.75 வோல்ட் என்பது, பேட்டரி காலி என்று பொதுவாக வைத்துக்கொள்ளும் எல்லை. 6 வோல்ட் பேட்டரிக்கு 5.25, 8 வோல்ட்டுக்கு 7.0, 12 வோல்ட்டுக்கு 10.5. முழு சார்ஜில் இருக்கும் பேட்டரி ஒரு சாதாரண ஏற்றத்திலேயே அந்த எல்லைக்குக் கீழே போனால், அல்லது மற்றவற்றைவிட அரை வோல்ட் கூடுதலாகச் சரிந்தால், குற்றவாளி கிடைத்துவிட்டது. எல்லாமே ஒன்றுபோல் ஆழமாகச் சரிந்தால் முழு செட்டும் வயதாகிவிட்டது, அல்லது முந்தைய இரவு சார்ஜே சரியாக ஏறவில்லை.

வயர் இழுத்து ஓட்டப் பயமாக இருந்தால் எளிய வழி ஒன்று உண்டு. அரை மணி நேரம் வழக்கம்போல் ஓட்டிவிட்டு வந்து, உடனே இருக்கையைத் தூக்கி வரிசையாக அளந்துவிடுங்கள். துல்லியம் குறைவு, ஆனால் பலவீனமான பேட்டரி அப்போதும் மற்றவற்றைவிடக் கீழே நிற்கும். செய்யக் கூடாதது ஒன்று: பிரேக்கை அழுத்திக்கொண்டு ஆக்சிலரேட்டரை மிதித்து லோடு கொடுப்பது. மோட்டார் சுழலாமல் மின்சாரம் மட்டும் பாய்ந்து, உள்ளே கருகும்.

சார்ஜ் ஏறும்போது கவனிப்பது

எந்தப் பேட்டரி என்று தெரிந்துவிட்டால், அதில் எந்த செல் என்று பார்க்கலாம். சார்ஜ் முடியும் தறுவாயில், கண்ணாடி அணிந்து, டார்ச்சோடு மூடிகளைத் திறந்து பாருங்கள். எல்லாச் செல்லிலும் சிறு குமிழிகள் ஒரே சீராக வர வேண்டும். ஒன்றில் மட்டும் குமிழியே இல்லாமல் அசைவற்றுக் கிடந்தால் அது ஷார்ட் ஆகியிருக்கக்கூடும். ஒன்று மட்டும் உலைபோல் கொதித்து, தண்ணீரும் மாதாமாதம் அதிகம் குடிக்கிறது என்றால் அதுவும் நோயாளிதான். பேட்டரிச் சுவரைப் புறங்கையால் தொட்டால் ஒன்று மட்டும் சூடாக இருப்பதும் அதே கதை. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் சார்ஜை நிறுத்தி, கதவைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள்.

ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் இருந்தால் செல்களையும் ஒவ்வொன்றாக ஒப்பிடலாம். அது தனிக் கருவிதானே என்று கேட்கலாம். ரப்பர் குமிழும் கண்ணாடிக் குழாயும்தான், பேட்டரிக் கடையில் மலிவாகவே கிடைக்கிறது. தண்ணீர் ஊற்றும் வகைப் பேட்டரிகளுக்கு இதைவிட நேர்மையான சாட்சி இல்லை. முழு சார்ஜில், குழாயின் உள்ளே இருக்கும் மிதவை 1.265 முதல் 1.277 வரை காட்டும். பாதி சார்ஜில் 1.190 பக்கம். ஒரே பேட்டரியின் செல்களுக்குள் 0.050 வித்தியாசம் இருந்தால் அந்தச் செல் கெட்டுவிட்டது என்பது பழைய கணக்கு. வெயில் காலத்தில் திரவம் சூடாக இருந்தால் அளவு குறைத்துக் காட்டும். 27 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு ஐந்தரை டிகிரிக்கும் 0.004 கூட்டிக்கொள்ளுங்கள். தண்ணீர் ஊற்றிய உடனே அளக்க வேண்டாம், கலந்திருக்காது.

சார்ஜரின் நேரத்தையும் கவனியுங்கள். முன்பு எட்டு மணி நேரம் எடுத்தது இப்போது மூன்று மணி நேரத்தில் முடிகிறது என்றால் மகிழ வேண்டாம். பாத்திரம் சுருங்கியதால்தான் சீக்கிரம் நிறைகிறது. மாறாக, விடிய விடிய ஓடியும் சார்ஜர் நிற்கவே இல்லை என்றால் செட்டில் ஏதோ ஒரு செல் ஷார்ட் ஆகி, மொத்த வோல்டேஜை ஏறவிடாமல் பிடித்திருக்கலாம்.

பேட்டரி மேல் விழும் வீண்பழி

திணறலுக்குப் பேட்டரி காரணமாக இல்லாமலும் போகலாம். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, சாவியை எடுத்து, ஒவ்வொரு கேபிள் முனைக்கும் அருகே கையைக் கொண்டுபோங்கள். தொடுவதற்கு முன்பே அனல் தெரியும். ஒரு முனை மட்டும் சுட்டால், போல்ட் தளர்ந்திருக்கிறது அல்லது கேபிள் முனையில் இருக்கும் உலோக வளையமான லக்கினுள் உப்புப் பூத்திருக்கிறது. சுத்தம் செய்து இறுக்கினாலே வண்டிக்குப் புது உயிர் வந்துவிடும், செலவு ஆப்பச் சோடா மட்டும்.

இன்னொன்று, ஊர் முழுக்க நடக்கும் தவறு. வண்டியில் ஹாரன், விளக்கு, ஸ்பீக்கர், மின்விசிறி மாட்ட வருபவர்கள் 12 வோல்ட் வேண்டும் என்பதற்காக, வரிசையில் இருக்கும் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளிலிருந்தோ ஒரு 12 வோல்ட் பேட்டரியிலிருந்தோ நேராக வயர் இழுத்துவிடுவார்கள். கோயில் வண்டிகளில் நாள் முழுக்க பக்திப் பாட்டு ஓடும், அந்த மின்சாரம் எல்லாம் அந்த ஒன்றிரண்டு பேட்டரிகளின் தலையில். அவை என்றைக்கும் மற்றவற்றைவிடக் குறைவாகவே நிற்கும், சார்ஜர் மொத்தத்தைப் பார்த்து நின்றுவிடும், ஓர் ஆண்டில் அவை மட்டும் போய்விடும். புதிது மாற்றினால் அடுத்த ஆண்டும் அதே எண் போகும். எப்போதும் ஒரே இடத்துப் பேட்டரியே சாகிறது என்றால் மெல்லிய வயர் ஏதாவது அதிலிருந்து கிளம்புகிறதா என்று தேடுங்கள். முழு 48 வோல்ட்டையும் 12 ஆக இறக்கித் தரும் கன்வர்ட்டர் ஒன்றைப் போட்டு, அதிலிருந்துதான் இவற்றுக்கு இணைப்புக் கொடுக்க வேண்டும்.

மாற்றுவதா, வைத்துக்கொள்வதா?

ஒரு பேட்டரி ஓய்வில் மட்டும் குறைந்து, ஏற்றத்தில் மற்றவற்றோடு ஒத்துப்போகிறது என்றால் அது இன்னும் சாகவில்லை. சார்ஜரில் ஈக்வலைஸ் நிலை (எல்லாச் செல்களையும் சமப்படுத்தக் கொஞ்சம் கூடுதலாகவே சார்ஜ் ஏற்றுவது) இருந்தால், தண்ணீர் வகைப் பேட்டரிகளுக்கு மட்டும், ஒரு முறை அதை ஓட்டிவிட்டு மறுநாள் மறுபடி அளந்து பாருங்கள். பல நேரங்களில் தேறிவிடும். நீண்ட விடுமுறையில் சார்ஜ் இல்லாமல் கிடந்த வண்டிகளுக்கு நான் முதலில் செய்வது இதுதான்.

ஏற்றத்தில் சரிந்தால் அது போனதுதான். செட்டுக்கு ஓர் ஆண்டு வயதுகூட ஆகவில்லை என்றால் அந்த ஒன்றை மட்டும், அதே கம்பெனி, அதே மாடலில் மாற்றுங்கள். வாரண்டி இருக்கிறதா என்றும் பாருங்கள், எண் போட்டு எழுதிய உங்கள் நோட்டு அங்கே பேசும். மூன்று, நான்கு ஆண்டு ஓடிய செட்டில் ஒன்றை மட்டும் புதிதாகப் போடுவதை நான் செய்வதில்லை. கிழட்டு மாடுகளோடு இளங்கன்றை ஏரில் பூட்டினால் கன்றும் கெட்டுவிடும். பட்ஜெட் இல்லை என்பார்கள். அப்போது இன்னொரு வண்டியின் பழைய செட்டில் தேறும் ஒன்றை எடுத்துப் போட்டு ஒப்பேற்றுவோம். முழு சார்ஜில், புதிதில் ஓடிய தூரத்தில் பாதிதான் ஓடுகிறது என்றால் முழு செட்டுக்கும் கடிதம் எழுதும் நேரம் வந்துவிட்டது.

எங்கள் ஷெட்டில் வண்டிக்கு ஒரு பக்கம். மாதத்தின் முதல் திங்கள்கிழமை, ஆறு ஓய்வு அளவு, ஆறு ஏற்றத்து அளவு, ஊற்றிய தண்ணீர், சார்ஜர் எடுத்த நேரம். மே மாதத்தில் எல்லா எண்களும் கொஞ்சம் மோசமாகவே இருக்கும். வெப்பம் பத்து டிகிரி கூடினால் பேட்டரி ஆயுள் பாதியாகும் என்று பொதுவாகச் சொல்வார்கள், தகரக்கூரை ஷெட்டில் அது வெறும் பேச்சு அல்ல. கூரைக்கு மேல் தென்னங்கீற்று போட்ட பிறகு தண்ணீர் குடிப்பது குறைந்தது.

பழைய பேட்டரியைக் கழற்றும்போது இருவராகத் தூக்குங்கள், ஒரு 8 வோல்ட் பேட்டரி 29 கிலோ பக்கம் இருக்கும். சாய்க்காதீர்கள். கழற்றும் முன் கேபிள் இணைப்புகளைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 2022-இல் வந்த மத்திய அரசின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி, பழையதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு பேட்டரித் தயாரிப்பாளர்களுடையது. புதிது வாங்கும் கடையிலேயே ஈயத்தின் எடைக்கு விலை கழித்து எடுத்துக்கொள்வார்கள். ஆசிட்டைச் சாக்கடையில் கொட்டிவிட்டு ஈயத்தை மட்டும் எடுத்துச் செல்லும் வண்டிக்காரர் நூறு ரூபாய் கூடத் தருவார். கொடுக்காதீர்கள்.